சவரிமுத்து மூட்டிய அடுப்பு

செல்லம்மா, ராஜு, வசந்தி, மூன்று பேரும் இந்த வாரம் அப்பா எழுதியதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போன வாரம் மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எழுதியதற்கு, "கெழங்குக்கே ரெண்டு பக்கமாப்பா?" என்று ராஜு சிரித்தான். இந்த வாரமும் அடுப்பங்கரையில்தான் தொடங்கப் போகிறேன். ஆனால் சொல்ல வந்தது கிழங்கைப் பற்றி இல்லை.

இது வசந்தி கேட்ட கேள்விக்குப் பதில். கல்லூரியில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "ஆம்பளையும் ஆம்பளையும் சேந்து வாழ்றதப் பத்தி அந்தக் காலத்துலயே வெள்ளைக்கார டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்களாம்பா. ஒங்களுக்கெல்லாம் அப்ப இது தெரியுமா?"

உங்கள் அம்மா ரசக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான், "தெரியும். புத்தகத்தையும் தெரியும், ஆளையும் தெரியும்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

புகை வந்த காலை

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலம். முதல் வருஷத்துக் குழப்பமெல்லாம் அடங்கி, அரிசியை மறந்து, நாக்கு கிழங்குக்குப் பழகிவிட்ட சமயம். எங்கள் ரப்பர் தோட்டம் சிரம்பானுக்கும் கோலா கிளாவாங்குக்கும் நடுவில், மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. விடிந்தும் பனி விலகாது. லயத்து வரிசை வீடுகளின் அடுப்புப் புகை மேலே போக வழி தெரியாமல் கூரைக்கும் ரப்பர் மரத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அன்று காலை தண்ணீர் பிடிக்க வாளியோடு பின்பக்கம் வந்தேன். பக்கத்து அறையின் அடுப்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுப்பில் புகை வருவது ஓர் அதிசயமா என்று கேட்பீர்கள். அந்த அடுப்பில் அதிசயம்தான். அது சவரிமுத்துவின் அடுப்பு. நான் அந்த லயத்துக்குக் குடிவந்த நாள் முதல் அதில் யாரும் தீ மூட்டிப் பார்த்ததில்லை. அதில் ஒரு கோழி குடியிருந்தது.

கோழிக்குக் காரணம் உண்டு. ஜப்பான்காரன் தோட்டத்துக்குள் வந்தால் முதலில் தேடுவது கோழியைத்தான். கட்டிலுக்கு அடியில் பார்ப்பான், கூரையில் பார்ப்பான், சாக்கு மூட்டையைக் காலால் உதைத்துப் பார்ப்பான். அடுப்புக்குள் யாரும் பார்ப்பதில்லை. மூன்று கல் வைத்து மண் பூசிய அந்த அடுப்பில் லாலான் புல்லைப் பரப்பி, முன்னால் ஓர் ஓட்டைச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார் சவரிமுத்து. உள்ளே கோழி சத்தமில்லாமல் அடை காக்கும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆட்களை வேலை வாங்கும் கங்காணிக்கும் தெரியும்.

அந்த அடுப்பில்தான் அன்று தீ எரிந்தது.

இரண்டு கதவு, ஒரு சட்டி

சவரிமுத்துவும் கோவிந்தனும் நாற்பதை ஒட்டியவர்கள். இரண்டு பேரும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்கள். வெவ்வேறு வருஷத்தில் வெவ்வேறு கப்பலில் வந்தவர்கள். சவரிமுத்து வேதக்காரர், கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை தொங்கும். கோவிந்தன் நாமம் போடுகிறவர், மாரியம்மன் திருவிழா வந்தால் மாலை போட்டு விரதம் இருப்பார். லயத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகள் அவர்கள் பேரில் இருந்தன. கதவு இரண்டு. சமையல் மட்டும் கோவிந்தனின் அறைக்குப் பின்னால் இருந்த அடுப்பில். சமைப்பது சவரிமுத்து, பேசுவது கோவிந்தன்.

லயத்துப் பெண்கள் "கோவிந்தன் வீடு" என்றுதான் சொல்வார்கள். கறிவேப்பிலை வேண்டும் என்றால் "கோவிந்தன் வீட்டுல கேளு" என்பாள் உங்கள் அம்மா. கேட்டால் கொடுப்பது சவரிமுத்துவாக இருக்கும்.

வேறு ஒரு சொல்லும் இருந்தது. சாராயம் உள்ளே போனவர்கள் சொல்வது. அதை உங்களுக்கு எழுத மாட்டேன். ஒருமுறை ஒருவன் அதை முகத்துக்கு நேராகவே சொன்னான். கோவிந்தன் திரும்பிப் பார்த்து, "ஏன்டா, ஒனக்கு வகிறு எரியுதா? ஒம் பொண்டாட்டி வச்ச ரசத்த நானும் குடிச்சிருக்கேன். எரியும்தான்" என்றார். அதோடு அவன் அந்தப் பேச்சை விட்டான்.

காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்தில் இங்கே பெண்கள் மிகவும் குறைவு என்று முன்னால் வந்தவர்கள் சொல்வார்கள். இரண்டு ஆண்கள் ஒரு சட்டியில் பொங்கித் தின்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லையாம். பிறகு பெண்கள் வந்தார்கள், கல்யாணங்கள் நடந்தன. சிலர் மட்டும் சட்டியைப் பிரிக்கவில்லை. நானும் இதை அந்த அளவுக்குத்தான் நினைத்திருந்தேன். புத்தகம் வருகிற வரைக்கும்.

அம்மா தூக்கி வந்த பெட்டி

ஜப்பான்காரன் வருகிறான் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிய மறுநாள் பங்களாவுக்குள் எல்லோரும் போனார்கள். திரைச்சீலை போனது, நாற்காலி போனது, கண்ணாடி டம்ளர் போனது. உங்கள் அம்மா கொஞ்சம் தாமதமாகப் போனாள். மிச்சம் இருந்தது ஒரு மரப்பெட்டி. நல்ல பலகை என்று தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். திறந்தால் முழுக்க இங்கிலீஷ் புத்தகங்கள்.

மழைக்காலத்தில் ஈர விறகு பிடிக்காது. புத்தகத் தாள் நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொன்றாக அடுப்புக்குப் போனது. எனக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவன் நான்; எழுத்து எரிவதைப் பார்த்தால் ஏதோ செய்யும். ஆனால் இங்கிலீஷ் தெரியாதவன் இங்கிலீஷ் புத்தகத்துக்காக எவ்வளவு நேரம் சண்டை போடுவான்?

கடைசியில் நீல அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்று மிஞ்சியது. அதன் தாள்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்துப் புத்தகங்கள் சில அப்படித்தான் வரும். வாங்கியவர்தான் கத்தியால் பிரித்துக்கொள்ள வேண்டும். துரை நடுவில் ஒரு பகுதியை மட்டும் பிரித்திருந்தார். அந்தப் பகுதி விரல் பட்டுப் பட்டு அழுக்கேறியிருந்தது. மற்றதெல்லாம் புத்தம் புதிது.

துரை கல்யாணம் ஆகாதவர். கெமாஸிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் ரயிலேறி வருவார். இரண்டு பேரும் பங்களா வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததை எழுத மாட்டேன்.

டிரஸ்ஸர் ஐயாவோடு ஓர் ஒப்பந்தம்

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்தார். குடும்பம் சிரம்பான் பக்கத்து ரஹாங்கில், அவர் மட்டும் தோட்டத்தில் இருந்தார். பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அவர் டிரஸ்ஸர் ஐயாதான். வைத்தியப் புத்தகமாக இருந்தால் உதவுமே என்று அதை அவரிடம் கொண்டு போனேன்.

முதல் தாளைப் பார்த்தார். மூடினார். என்னைப் பார்த்தார்.

"இது உமக்கு வேண்டாம், தம்பி."

"ஏங்கய்யா, பேய்க் கதையா?"

"இல்லை, இல்லை. வைத்தியந்தான். ஒரு மாதிரியான வைத்தியம்."

"அப்ப குடுங்க. வீட்டுல அடுப்பு மூட்ட தாளு இல்ல."

கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். படித்தவர் அல்லவா. அப்போது நான் சொன்னேன்: "நீங்களே வச்சிக்கங்க. ஆனா உள்ள என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லணும். பெட்டி என் வீட்டுக்காரி தலையில வந்தது."

சிரித்துவிட்டார். "சரி. மழை நாளிலை வாரும்."

மழை நாளில் வெளிக்காட்டு வேலை இருக்காது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவர் இங்கிலீஷில் படித்துப் பார்த்துத் தமிழில் சொல்வார். சில இடங்களில் முகம் சிவந்து இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிடுவார். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

எழுதியவர் வெள்ளைக்கார நாட்டு டாக்டர் ஒருவர். ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் விரும்புவது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது என்பது முதல் பகுதி. பழைய ராஜாக்கள், சிப்பாய்கள், காட்டு மக்கள் என்று உதாரணங்கள் வரும். புறாவைப் பற்றிக்கூட ஒரு பக்கம் இருந்தது. இது பிறக்கும்போதே கூட வருவது, சிறையில் போட்டாலும் மாறாது, சட்டம் இவர்களைச் சும்மா விட வேண்டும் என்பது கடைசிப் பகுதி.

"பொறக்கும்போதே வருதுன்னா நோயாங்கய்யா?"

"அதைத்தான் இவர் பக்கம் பக்கமாய் யோசிக்கிறார். நோய் இல்லை எண்டுதான் முடிக்கிறார். ஆனால் நோயைப் பற்றிப் பேசுற மாதிரியே பேசுறார்."

எனக்கு இடது கைக்காரர்கள் ஞாபகம் வந்தது. பால்மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். இடது கைக்காரனுக்கு அது ஒத்துவராது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டித் திட்டியே வலது கைக்கு மாறியவர்கள் உண்டு. கோபம் வந்து கல்லை எடுத்தால் மட்டும் இடது கைதான் எடுக்கும். இதை டிரஸ்ஸர் ஐயாவிடம் சொன்னேன்.

எனக்கு மிகவும் பிடித்தது நடுப்பகுதி. அதில் ஆட்களே பேசுகிறார்கள். ஒரு வாத்தியார், ஒரு கடைக்காரர், ஒரு கப்பல்காரர். எப்போது தெரிந்தது, யாரை விரும்பினேன், எப்படி மறைத்தேன் என்று தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். யாருக்கும் பெயர் இல்லை.

"பேர் ஏன் போடல?"

"போட்டால் பிடிச்சு உள்ளுக்குப் போட்டுவிடுவாங்கள்."

துரை பிரித்து வைத்திருந்தது அந்தப் பகுதியைத்தான்.

விசில்

சவரிமுத்துவின் காலில் ஒரு புண். பாரங் கத்தி பட்ட சின்னக் காயம். சத்தில்லாத சாப்பாட்டில் ஆறாமல் குழியாகிவிட்டது. கட்டுப் போட வருவார். கோவிந்தனும் கூடவே வருவார்.

அன்று புத்தகம் பெஞ்சில் கிடந்தது. டிரஸ்ஸர் ஐயா கட்டை அவிழ்த்துக்கொண்டே, எங்கோ பார்த்த மாதிரி கேட்டார்.

"கோவிந்தன், உமக்கு விசில் அடிக்க வருமோ?"

"மாட்டக் கூப்புடணுங்களா?"

"சும்மா கேட்டனான்."

கோவிந்தன் உதட்டைக் குவித்து ஒரு விசில் அடித்தார். வார்டில் ஜுரத்தோடு படுத்திருந்த ஒருவர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். டிரஸ்ஸர் ஐயா புத்தகத்தைப் பார்த்தார். முகம் குழம்பியது. எனக்கு அடக்க முடியவில்லை.

"புத்தகத்துல வராதுன்னு போட்டிருக்கா ஐயா?"

போட்டிருந்தது. இப்படிப்பட்ட ஆண்களில் பலருக்கு விசில் அடிக்க வருவதில்லை என்று அந்த டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். இனி மறைக்க வழியில்லை. டிரஸ்ஸர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அது என்ன புத்தகம், யாரைப் பற்றியது என்று மெதுவாகச் சொன்னார். நான் சவரிமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவிந்தன் கேட்டார்: "எங்களப் பத்தியா? இம்மாந் தண்டியா?"

"உங்களைப் பற்றி எண்டில்லை. உங்களை மாதிரி..."

"சவரி, நீ அடி பாப்போம் விசிலு."

சவரிமுத்து உதட்டைக் குவித்தார். காற்றுதான் வந்தது.

"பாதி சரிங்கய்யா புத்தகம்" என்றார் கோவிந்தன். "மத்த பாதியப் படிங்க."

அதற்குப் பிறகு மழை நாட்களில் நான்கு பேர் ஆனோம். வெயில் கூடுதலாக உள்ள நாடுகளில் இந்த வழக்கம் அதிகம் என்று ஓர் இடத்தில் வந்தது. கோவிந்தன் நிறுத்தினார். "அப்ப மேல கோலா கிளாவாங்ல போயி இருந்தா சரியாயிடுமா? அங்கதான் குளிருதே. சவரி, மூட்டையக் கட்டு லா. போயி ஆளுக்கொரு பொண்ணு பாப்போம்." சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிரஸ்ஸர் ஐயாவும் சிரித்தார். திருநீறு அழியாத நெற்றி அவருடையது, நான் எதிர்பார்க்கவில்லை.

சவரிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பல நாள் யோசித்து வைத்திருந்தாரோ என்னவோ.

"ஐயா, அதுல ரெண்டு பேரு ஒண்ணா இருந்து, ஒருத்தர் போயிட்டா, மத்தவரு என்ன பண்ணாருன்னு எழுதியிருக்குங்களா?"

டிரஸ்ஸர் ஐயா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரிக்காத தாளுகள் இருக்குது. தேடிச் சொல்லுறன்" என்றார். நான் மறுநாள் பால் வெட்டும் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுப்புக்கு ஓர் ஆள்

அப்போதுதான் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு இரண்டாவது முறையாகத் தோட்டத்திலிருந்து ஆள் கேட்டார்கள். ரயில் பாதை போடும் வேலை. முதல் முறை மூன்று மாதம், அரிசி உண்டு, சீனி உண்டு என்று சொன்னதை நம்பிச் சிலர் தாங்களாகவே ஏறினார்கள். மூன்று மாதம் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. ஒருவரும் திரும்பவில்லை.

பெரட்டில் கங்காணி பேசினார். அவரும் மெலிந்துபோயிருந்தார்.

"கேட்டுக்குங்க. அடுப்புக் கணக்குத்தான். ஒரு அடுப்புல ரெண்டு ஆம்பளை சாப்புட்டா ஒருத்தன் வரணும், ஒருத்தன் இருக்கலாம். பொண்டாட்டி புள்ளையோட ஒரே ஆம்பளையா இருக்கிறவன இந்தத் தடவ விட்டுடுறேன். தனிக்கட்டைங்க எல்லாரும் ஏறணும். பொய் சொன்னா வேலைக்காவாது. நானே வந்து அடுப்பப் பாப்பேன். சாம்பல் பொய் சொல்லாது."

நான் தப்பித்தேன். செல்லம்மா அப்போது கைக்குழந்தை. கோவிந்தனும் சவரிமுத்துவும் தோட்டக் கணக்கில் இரண்டு அறை, இரண்டு தனிக்கட்டைகள். இரண்டு பேரும் போக வேண்டும். அந்தக் காலோடு சவரிமுத்து போனால் என்ன ஆவார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

டிரஸ்ஸர் ஐயா எழுதும் நோய்ச் சீட்டுக்கு அப்போது மதிப்பு போய்விட்டது. முதல் தடவை இரக்கப்பட்டு நிறையப் பேருக்கு எழுதிவிட்டார். பிறகு, நடக்கிறவன் எல்லாம் வேலைக்கு ஆவான் என்று மேலே முடிவாகிவிட்டது. அதனால் அவர் வேறு வழி பிடித்தார். அன்று மத்தியானம் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"கங்காணி, அவை ரெண்டு பேரும் தனிக்கட்டையள் இல்லை. அது ஒரு குடும்பம். இது உலகம் முழுக்க உள்ளது. பெரிய டாக்டர் ஒருத்தர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்."

கங்காணி புத்தகத்தைத் தொடவில்லை. "டிரஸ்ஸரய்யா, யாரு யாரோட சாப்புடுறான்னு எனக்குத் தெரியாதா? நானும் இங்கதான இருக்கேன். ஜப்பான்காரன் என்ன ஒறவுன்னு கேட்டா? அண்ணன் தம்பின்னு சொல்ல முடியாது. ஒருத்தன் கழுத்துல சிலுவ, ஒருத்தன் நெத்தியில நாமம்."

"ஒரே அடுப்பு எண்டு சொல்லுங்கோ. உறவை ஏன் சொல்லவேணும்? அடுப்புத்தானே உங்கட கணக்கு?"

கங்காணி தாடையைத் தடவினார்.

"சரி. அந்த அடுப்புக்குள்ள கோழி இருக்கிற வரைக்கும் ஒரே அடுப்புதான். ஒருத்தன் வரட்டும்."

திரும்பி வரும்போது டிரஸ்ஸர் ஐயா வேகமாக நடந்தார். புத்தகத்தை அட்டையில் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு காகிதம் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டது என்ற சந்தோஷம் எனக்கும் இருந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம்

எங்கள் அறைக்கும் சவரிமுத்துவின் அறைக்கும் நடுவில் பலகைதான். அதற்கு அடுத்தது கோவிந்தன் அறை. அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சவரிமுத்துவின் அறையில் இருந்தார்கள். உங்கள் அம்மா கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கேட்கத்தான் செய்தது.

"காலப் பாரு. இத வச்சிக்கிட்டு எங்க வர்ற நீ? நான் போறேன். மூணு மாசம்."

"போனவன் எவன் வந்தான்?"

"வருவான். ரயிலு மெதுவா வருது."

"பாதையே போடல, ரயிலு எங்கேருந்து வரும்?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேளு. டிரஸ்ஸரய்யா ஒனக்காகப் போயி பேசிட்டு வந்திருக்காரு. நம்மள ஒரு வீடுன்னு ஒத்துக்கிட்டானாம் கங்காணி. எத்தன வருஷம் கழிச்சி. இப்ப போயி மொறண்டு புடிக்கிற."

"ஒரு வீடுன்னா பிரிக்கலாமா?"

"அதான்யா கணக்கு. ஒருத்தன் போனா ஒருத்தன் இருக்கலாம்."

சீவுகிற கத்தியை நிறுத்திவிட்டு உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள்.

"உப்ப எங்க வச்ச?" என்று கேட்டார் சவரிமுத்து.

"இந்நேரத்துல ஒனக்கு எதுக்கு உப்பு?"

பலகைக்கு அந்தப் பக்கம் சட்டி நகரும் சத்தம் கேட்டது.

மறுபடியும் அந்தப் புகை

அதுதான் நான் வாளியைக் கீழே வைத்த காலை.

சவரிமுத்து தன் அடுப்பின் முன் குத்துக்காலிட முடியாமல், புண் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே சின்னச் சட்டியில் கிழங்கு கொதித்தது. கோழியையும் முட்டைகளையும் ஒரு கூடையில் மாற்றி ஓரமாக வைத்திருந்தார். கோழி உட்காரவில்லை, கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் கோவிந்தனின் அடுப்பு அணைந்து கிடந்தது.

கோவிந்தன் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தீயில் ஊற்றத்தான். சவரிமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாத."

"சவரி, சொன்னாக் கேளு."

"ஊத்துனா நாளைக்கும் மூட்டுவேன்."

அந்த நேரத்தில் கங்காணி வந்துவிட்டார். பின்னாலேயே டிரஸ்ஸர் ஐயா. கங்காணி புகையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"கோழி எங்கடா?"

"அது வேற வீடு பாத்துடுச்சிங்க. நான் தனியாத்தான் பொங்கிச் சாப்புடுறேன். ரெண்டு அடுப்பு. ரெண்டு பேரும் தனிக்கட்டை."

"காலைப் பார்க்கேல்லையோ?" என்றார் டிரஸ்ஸர் ஐயா. "நேற்று ஒரு குடும்பம் எண்டு ஒத்துக்கொண்டீர், கங்காணி."

"அவனே இல்லன்னு தீ மூட்டிக் காட்டுறான். நான் என்ன செய்ய?"

சவரிமுத்து சுவரைப் பிடித்து எழுந்தார். வாசல் வரைக்கும் நடந்து காட்டினார், திரும்பி நடந்தார். நொண்டாமல் நடந்தார். பிறகு டிரஸ்ஸர் ஐயாவின் முன் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா. நீங்க சொன்னது சரிதான். அதனாலதான் மூட்டுனேன்."

முந்தின நாள் பலகை வழியாகக் கேட்ட "ஒரு வீடுன்னா பிரிக்கலாமா?" எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கோவிந்தன் பானையை இறக்கி வைத்தார். சட்டியிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். "உப்பு கூடிப்போச்சு" என்றார். சவரிமுத்துவும் உட்கார்ந்தார். இருந்த உப்பையெல்லாம் போட்டுவிட்டிருந்தார் போல. இரண்டு பேரும் அந்தச் சட்டியை முடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தபோது கோவிந்தன் முதலில் ஏறி, கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். சவரிமுத்து உங்கள் அம்மாவிடம், "கோழியப் பாத்துக்க, தங்கச்சி. முட்ட பொரியிற நேரம்" என்றார். லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு ஒரு விசில் கேட்டது. அதே விசில். டிரஸ்ஸர் ஐயா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அவர் கேட்டதைத் தேடினன், தம்பி. எல்லாத் தாளையும் பிரிச்சுப்போட்டன். அதிலை இல்லை" என்றார்.

லாரி போன பிறகு

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவன், ஏதோ ஒரு முகாமில் அவர்களைப் பார்த்ததாகச் சொன்னான். ஒரே தகரக் குவளையில் கஞ்சி வாங்கிக் குடித்தார்களாம். பிறகு வாந்தி பேதி வந்ததாம். முதலில் போனது யார், அடுத்தவர் எத்தனை நாள் இருந்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் இரண்டு முறை கேட்டேன்.

புத்தகம் ரஹாங்கில் டிரஸ்ஸர் ஐயாவின் வீட்டில் வெகுகாலம் இருந்தது. அவருக்குப் பிறகு என்ன ஆனதோ. அதை எழுதிய டாக்டர் மேல் எனக்கு மரியாதை உண்டு, வசந்தி. விசில் விஷயத்தில் பாதி தவறினாலும், பேசவே பயந்த ஆட்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதினார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறகு வந்தவர்கள் எழுதியிருப்பார்கள் அல்லவா? உன் கல்லூரி நூலகத்தில் பார். சவரிமுத்து கேட்டதற்கு எங்காவது பதில் இருந்தால் எனக்கு வந்து சொல்.

லாரி போன அன்று மத்தியானம் லயத்தில் யாரும் இல்லை. உங்கள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிழங்குக் காட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும் பின்பக்கம் போனேன். சவரிமுத்துவின் அடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். கல்லில் கொஞ்சம் சூடு இருந்தது. ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சாம்பலைக் கொட்டாங்கச்சியால் வழித்து எடுத்தேன். ஒரு பிடி அளவுதான் இருந்தது. அதைக் கொண்டுபோய், அணைந்து கிடந்த கோவிந்தனின் அடுப்புச் சாம்பலோடு கொட்டினேன். திரும்பி வந்து, சவரிமுத்துவின் அடுப்பில் காய்ந்த லாலான் புல்லைப் பரப்பி முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தேன். கோழியை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் விட்டேன்.

அது எழுந்து நின்றது. கல்லை ஒருமுறை கொத்திப் பார்த்தது. உட்கார்ந்துகொண்டது. ஓட்டைச் சட்டியை எடுத்து முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.